தளர்ந்தது தோலா, அதன் அடியில் இருப்பதா? கருவிச் சிகிச்சையும் ஃபேஸ்லிஃப்ட் அறுவையும்

ஐம்பது வயதை நெருங்கும் பலரும் என்றாவது ஒரு நாள் கண்ணாடி முன் நின்று, காதுக்குச் சற்று முன்னால் இரண்டு விரல்களை வைத்து, கன்னத்தை மெல்லப் பின்னும் மேலுமாக இழுத்துப் பார்த்திருப்பார்கள். தாடைக்கோடு தெளிவாகத் தெரியும். வாயோரத்திலிருந்து கீழிறங்கும் மடிப்பு மங்கும். விரலை எடுத்தவுடன் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். அந்த இரண்டு விரல்கள் செய்த வேலையை நிலையாகச் செய்துகொள்ள முடியுமா என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போகிறார்கள். அங்கே இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன. கத்தி படாமல் வெப்பத்தால் தோலை இறுக்கும் கருவிச் சிகிச்சை ஒன்று. காதைச் சுற்றிக் கீறி, உள்ளே சரிந்ததைத் தூக்கித் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் அறுவை மற்றொன்று.

இவ்விரண்டையும் ஒரே வேலையின் சிறிய அளவாகவும் பெரிய அளவாகவும் காட்டுவது விளம்பரங்களின் வழக்கம். 'அறுவையில்லாத ஃபேஸ்லிஃப்ட்' என்ற சொற்றொடர் அந்த வழக்கத்தில் பிறந்ததுதான். அதை நம்பி மூன்று முறை கருவிச் சிகிச்சை செய்துகொண்டு, மூன்று முறையும் ஏமாந்து, கடைசியில் அறுவைக்குப் போன என் பெரியம்மா மகளோடு நான் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்திருக்கிறேன். அவர் செலவிட்ட பணத்தைவிட, ஒவ்வொரு முறையும் ஆறு மாதம் கண்ணாடியைப் பார்த்துக் காத்திருந்ததுதான் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. கருவி பழுதில்லாத கருவிதான். அவருடைய கழுத்துக்கு அது உரியதாக இருக்கவில்லை, அவ்வளவே. அதை யாரும் முதல் நாளே அவரிடம் சொல்லவில்லை.

முகம் தொய்வது ஒரே அடுக்கில் நடப்பதில்லை. மேல்தோலுக்கு அடியில், கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகள் பின்னிக்கிடக்கும் உள்தோல் இருக்கிறது. அதன் கீழ் கொழுப்பு. கொழுப்பின் கீழ் முகத்தசைகளோடு ஒட்டிய மெல்லிய நார்த்திசு அடுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் எலும்பு. இளமைப் பருவம் கடந்த பிறகு உள்தோலின் கொலாஜன் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது என்பது பொதுவான கணக்கு. வெயிலும் புகையும் அதை விரைவுபடுத்தும். கன்னத்துக் கொழுப்புத் திட்டுகள் ஓரிடத்தில் வற்றுகின்றன, இன்னோரிடத்தில் சரிந்து தாடைக்கோட்டின்மேல் வந்து தங்குகின்றன. எலும்போடு தோலைப் பிணைத்து வைத்திருக்கும் நார்கள் நெகிழ்கின்றன. கண்குழியின் விளிம்பும் மேல்தாடை எலும்பும் தேய்வதால், மேலே இருப்பவற்றுக்குத் தாங்கல் குறைகிறது. கழுத்தில் அகன்ற, மெல்லிய தசை ஒன்று தாடையிலிருந்து மார்பின் மேற்பகுதி வரை விரிந்திருக்கிறது. வயதாகும்போது அதன் உள்விளிம்புகள் பிரிந்து, முகவாய்க்குக் கீழே இரண்டு கயிறுகள்போல் புடைத்து நிற்கும்.

எனவே 'தளர்ச்சி' என்ற ஒரே சொல்லால் நாம் சுட்டுவது பல வேறு மாற்றங்களை. கருவிச் சிகிச்சை பெரும்பாலும் உள்தோலின் தளர்ச்சிக்கு மருந்து. அறுவை, சரிந்துபோன ஆழ் அடுக்குக்கு மருந்து. எது தனக்கு என்பதை முடிவு செய்வதற்கு முன், எந்த அடுக்கு தளர்ந்திருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

அதை ஓரளவுக்கு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்து முகத்தைப் பாருங்கள். பிறகு எழுந்து நின்று நேராகப் பாருங்கள். அடுத்து, கண்ணாடியை மடியில் வைத்துக் குனிந்து பாருங்கள். மூன்று நிலைகளிலும் முகம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்து, சுருக்கமும் சொரசொரப்பும் மட்டுமே உறுத்தினால், குறை தோலில் இருக்கிறது. படுக்கும்போது பத்து வயது குறைந்தும், குனியும்போது கன்னம் முழுவதும் முன்னால் தொங்கியும் தெரிந்தால், உள்ளே இருப்பது இடம்பெயர்ந்திருக்கிறது. முன்பு சொன்ன இருவிரல் சோதனையிலும் இதே செய்தி உண்டு. நீங்கள் விரும்பும் தோற்றம் வருவதற்குத் தோலைச் சில மில்லிமீட்டர் நகர்த்தினால் போதுமா, அல்லது இரண்டு மூன்று சென்டிமீட்டர் இழுக்க வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டாவது நிலையில் இருப்பவருக்கு இன்றைக்கு இருக்கும் எந்த வெப்பக் கருவியும் அந்தத் தோற்றத்தைத் தராது. இதைக் கொஞ்சமும் தயங்காமல் சொல்கிறேன்.

வெப்பம் செய்யும் வேலை

கருவிச் சிகிச்சைகளின் பெயர்கள் பலவாக இருந்தாலும் அவற்றின் அடிப்படை ஒன்றே. கொலாஜன் இழை என்பது மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது. 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் பட்டால் அந்த முறுக்கு அவிழ்ந்து இழை சுருங்குகிறது. அது உடனடி விளைவு, அளவில் சிறியது. அதன் பின், சூடுபட்ட இடத்தைக் காயமாகக் கருதி உடல் புதிய கொலாஜனை உருவாக்கத் தொடங்குகிறது. சிகிச்சையின் உண்மையான பலன் இதிலிருந்துதான் வருகிறது. அதற்கு மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். சிகிச்சை முடிந்து அன்று மாலையே முகம் இறுகித் தெரிந்தால், அதில் பெரும்பங்கு வீக்கம். சில நாட்களில் வடிந்துவிடும்.

ரேடியோ அலைவரிசைக் கருவிகள் தோலின் மேற்பரப்பைக் குளிர்வித்துக்கொண்டே உள்தோலைப் பரவலாகச் சூடேற்றுகின்றன. இவற்றில் முன்னோடியான தெர்மேஜ் கருவிக்கு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002-இல், கண்ணைச் சுற்றியுள்ள சுருக்கங்களுக்காக அனுமதி தந்தது. அல்ட்ராசவுண்ட் கருவிகளின் வழி வேறு. அவை பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதுபோல ஒலி அலையைக் குவித்து, தோலுக்கு அடியில் 1.5, 3 அல்லது 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் சின்னஞ்சிறு சூட்டுப் புள்ளிகளை வரிசையாக வைக்கின்றன. இவ்வகையைச் சேர்ந்த அல்தெரா 2009-இல் புருவத்தை உயர்த்துவதற்காக அனுமதி பெற்றது. நுண்ணூசிகள் வழியே ரேடியோ அலையைச் செலுத்தும் கருவிகள் இவற்றுக்குப் பின் பரவலாயின; தழும்பு, பெருத்த துளைகள் போன்ற மேற்பரப்புக் குறைகளும் உள்ளவர்களுக்கு அவை கூடுதலாகப் பயன்படும்.

அல்ட்ராசவுண்ட் கருவியை விற்பவர்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: "சர்ஜன் தொடும் அதே அடுக்கை இந்தக் கருவியும் தொடுகிறது." 4.5 மில்லிமீட்டர் ஆழத்தில் அந்த நார்த்திசு அடுக்கு இருக்கும் இடங்களில் இது உண்மையே. ஆனால் சர்ஜன் அந்த அடுக்கை விடுவித்து, தூக்கி, புதிய இடத்தில் தைக்கிறார். கருவி அதே அடுக்கில் புள்ளிகளாகச் சூடு வைத்து, அங்கங்கே சற்றுச் சுருங்கச் செய்கிறது. தொடுவதற்கும் தூக்கி நிறுத்துவதற்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தில்தான் என் அக்காவின் மூன்று தவணைகளும் போயின.

பலன் எவ்வளவு என்பதற்கு ஓர் அளவைச் சொல்லலாம். குவித்த அல்ட்ராசவுண்டைப் பற்றி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சைக்குப் பின் 90 நாட்கள் கழித்துப் பார்த்தபோது 35 பேரில் 30 பேருக்குப் புருவம் உயர்ந்திருந்தது; உயர்ந்த அளவு சராசரியாக 1.7 மில்லிமீட்டர். புருவத்தில் அது கண்ணுக்குத் தெரியும் மாற்றம். கண் சற்று விழித்துத் தெரிவதற்கு அது போதும். தாடைக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் தொங்கும் தசைக்கு 1.7 மில்லிமீட்டர் என்ன செய்யும் என்பதை வாசகரே கணக்கிடலாம்.

அதற்காக இச்சிகிச்சையை ஒதுக்கித் தள்ளுவதும் நியாயமன்று. முப்பதுகளின் இறுதியிலும் நாற்பதுகளிலும், தாடைக்கோடு மங்கத் தொடங்கியிருக்கும் நிலையில், தோலில் இன்னும் உயிர்ப்பு இருக்கும்போது செய்துகொள்பவருக்கு இது மதிப்புள்ள சிகிச்சை. வெட்டு இல்லை, தையல் இல்லை. பெரும்பாலோர் மறுநாளே வேலைக்குப் போகலாம். பலன் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். அதன்பின் மீண்டும் செய்ய வேண்டும். இதில் ஒரு முக்கியமான நிபந்தனை இருக்கிறது. புதிய கொலாஜனை உருவாக்கப்போவது உங்கள் உடல். கருவி தூண்ட மட்டுமே செய்கிறது. எனவே தொடர்ந்து புகைப்பவருக்கும், வெயிலில் நெடுங்காலம் காய்ந்த தோல் உள்ளவருக்கும், எழுபது வயதைக் கடந்தவருக்கும் அதே கருவி, அதே சூட்டில், குறைவான பலனையே தரும். மிகத் தேவைப்படுபவருக்கு மிகக் குறைவாகப் பயன்படுவதுதான் இச்சிகிச்சையின் சோகம்.

ஆபத்து அறவே இல்லாத சிகிச்சையும் இல்லை இது. வலி உண்டு, எலும்புக்கு அருகே, குறிப்பாகத் தாடை விளிம்பில், அல்ட்ராசவுண்ட் சுருக்கென்று குத்தும். தீக்காயம், சில வாரங்கள் நீடிக்கும் மரத்துப்போதல், வாயின் ஒரு பக்கம் தற்காலிகமாகத் தளர்ந்து சிரிப்பு கோணலாவது ஆகியவை அரிதாக நேர்கின்றன. நான் கூடுதலாக அஞ்சுவது கொழுப்பிழப்பை. தவறான ஆழத்தில் அல்லது மிகுந்த சூட்டில் செய்தால் கன்னத்துக் கொழுப்பு கரைந்து, முகம் இறுகுவதற்குப் பதிலாக ஒட்டிப்போகும். ஏற்கெனவே மெலிந்த முகத்தில் அது பல ஆண்டு முதுமையைச் சேர்த்துவிடும். அதைத் திரும்பப் பெறுவதும் கடினம். நுண்ணூசி ரேடியோ அலைக் கருவிகளால் தீக்காயம், தழும்பு, கொழுப்பிழப்பு, முகத்தோற்றச் சிதைவு, நரம்புச் சேதம் போன்றவை ஏற்பட்டதாக வந்த முறையீடுகளை அடுத்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 அக்டோபரில் ஓர் எச்சரிக்கை அறிவிப்பை வெளியிட்டது. அழகு நிலையத்தில் முகம் துடைத்துவிடுவதுபோல் எளிதாகக் கருதத்தக்க சிகிச்சை அன்று இது என்பதற்கு அதுவே போதிய சான்று.

மாநிறமும் கருநிறமும் கொண்டவர்களுக்குத் தனியே ஒரு குறிப்பு. ஆழமாகச் சுட்டுத் தோலை உரிக்கும் லேசர்கள், அத்தகைய தோலில் மாதக்கணக்கில் நீடிக்கும் கருந்திட்டுகளை உண்டாக்கக்கூடும். ரேடியோ அலையும் அல்ட்ராசவுண்டும் நிறமியைக் குறிவைப்பதில்லை என்பதால் இவ்வகையில் பாதுகாப்பானவை. இறுக்கம் மட்டுமே நோக்கமென்றால், கருநிறத்தவர் லேசரைத் தேர்ந்தெடுப்பதற்கு வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. ரேடியோ அலைச் சிகிச்சைக்கு முன், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பதையும் முகத்தில் உலோகத் தகடு இருப்பதையும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கருவுற்றிருக்கும் காலத்தில் இவை எதுவும் வேண்டாம்.

நூல் சிகிச்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முள்முள்ளான கரையும் நூலைத் தோலுக்கடியில் செலுத்தி இழுத்து நிறுத்தும் இம்முறை, கருவிக்கும் கத்திக்கும் நடுவே ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. நூல் பெரும்பாலும் சில மாதங்களில் கரையும். தூக்கி நிறுத்திய நிலை ஓராண்டைத் தாண்டி நிற்பது அரிது. நூல் சரியாக அமையாவிட்டால் கன்னத்தில் குழி விழுவதும், நூல்முனை வெளியே துருத்துவதும் உண்டு. ஒரு திருமணத்துக்காகவோ குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சிக்காகவோ செய்துகொள்பவர்களை எனக்குப் புரிகிறது. நீண்டகால ஏற்பாடாக இதைத் தேர்ந்தெடுப்பது எனக்கு ஏற்புடையதன்று.

அறுவை: எதைத் தருகிறது, எதைக் கேட்கிறது

ஃபேஸ்லிஃப்ட் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது காற்றில் நிற்பவர்போல் இழுபட்ட முகம். அந்தத் தோற்றம் தோலை மட்டும் இழுத்துத் தைத்த பழைய முறையின் விளைவு. தோல் மீள்தன்மை உடையது. அதன்மேல் பளுவை ஏற்றினால் சில காலத்தில் மீண்டும் நெகிழும், தழும்பும் அகலும். இதை மாற்றியவர்கள் சிலர். ஸ்வீடனைச் சேர்ந்த டார்ட் ஸ்கூக் 1974-இல் தோலையும் அடியிலுள்ள அடுக்கையும் சேர்த்தே நகர்த்தும் முறையை எழுதினார். 1976-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் மிட்ஸும் பெய்ரோனியும் அந்த நார்த்திசு அடுக்கைத் தெளிவாக வரையறுத்தார்கள். 1990-இல் சாம் ஹம்ரா, அந்த அடுக்குக்கும் கீழே சென்று பிணைப்பு நார்களை விடுவித்துத் தூக்கும் ஆழ்தள முறையை வெளியிட்டார். இன்று நல்ல சர்ஜன் பளுவை ஆழ் அடுக்கின் தையல்கள்மேல் ஏற்றுகிறார். தோலை இழுக்காமல் படியவிட்டு, மிகுந்ததை மட்டும் வெட்டி நீக்குகிறார். நன்கு செய்த அறுவையில் முகம் இழுபட்டதாகத் தெரியாது. ஓய்வெடுத்து வந்தவரைப் போல் தெரியும்.

கீறல் பொதுவாகக் கன்னப்பொட்டின் மயிரோரத்தில் தொடங்கி, காதின் முன்மடிப்பை ஒட்டி இறங்கி, காதுமடலைச் சுற்றிப் பின்புற மயிருக்குள் முடியும். கழுத்தையும் சேர்த்தால் முகவாய்க்கு அடியில் ஒரு சிறு கீறல் கூடும். அதன் வழியே பிரிந்த கழுத்துத் தசையின் விளிம்புகளைச் சேர்த்துத் தைப்பார்கள். முறையைப் பொறுத்து மூன்று மணி முதல் ஆறு மணி நேரம் வரை ஆகலாம். முழு மயக்கத்திலோ, இடத்தை மரத்துப்போகச் செய்து ஆழ்ந்த தூக்க மருந்து கொடுத்தோ செய்கிறார்கள். பலன் 7 முதல் 10 ஆண்டுகள் வரை நிற்கும் என்பது பொதுவான கணிப்பு. அதற்குப் பிறகும் முகம் பழைய நிலைக்குச் சரிந்து விழுவதில்லை. புதிய இடத்திலிருந்து தன் வழியில் முதுமையடைகிறது.

அக்காவின் கழுத்தைப் பார்த்த சர்ஜன் அதிகம் பேசவில்லை. "அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டைக் கீழே இழுங்கள்" என்றார். கழுத்தில் இரண்டு கயிறுகள் எழும்பின. "இது தசை. தோலைச் சூடாக்கி இதை ஒன்றும் செய்ய முடியாது" என்றார். அரை நிமிடச் சோதனை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே யாரேனும் இதைச் செய்திருக்கலாம்.

அறுவைக்குப் பின் வந்த நாட்களை நான் உடனிருந்து பார்த்தேன். முதல் இரவு முகத்தைச் சுற்றிக் கட்டு, காதுக்குப் பின்னிருந்து இரத்தநீர் வடிய ஒரு மெல்லிய குழாய். மூன்று தலையணை வைத்து, சாய்ந்தபடியேதான் தூக்கம். மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்துக்குப் போனது. கண்ணாடியைக் கொண்டுவர வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஊதா நிறம் கன்னத்திலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து மார்புக்கும் மெல்ல இறங்கி, மஞ்சளாகி மறைய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. தையல் ஒரு வாரத்திலும், மயிருக்குள் போட்டவை பத்தாம் நாளிலும் பிரிக்கப்பட்டன. இரண்டாம் வாரத்தில், வலியெல்லாம் குறைந்த பிறகு, ஒரு மாலை காரணமில்லாமல் அழுதார். முகம் பழையதாகவும் இல்லாமல் புதியதாகவும் ஆகாமல் நிற்கும் அந்த நாட்களில் மனம் சோர்வது பலருக்கும் நேர்வதே என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். முன்பே தெரிந்திருந்தால் அக்கா அவ்வளவு பயந்திருக்க மாட்டார். மூன்றாம் வாரம் வெளியே போகத் தொடங்கினார். காதுமடலின் உணர்ச்சி திரும்பத்தான் மாதங்கள் ஆயின. தோடு போடும்போது வேறொருவர் காதில் போடுவதுபோல் இருக்கிறது என்றார். காதுக்கு உணர்ச்சி தரும் நரம்பு கீறலுக்கு மிக அருகில் ஓடுவதால், இவ்வறுவையில் கூடுதலாகப் பாதிக்கப்படும் நரம்பு அதுவே. வீக்கம் முற்றிலும் அடங்கித் தழும்பு வெளிறி, முடிவான தோற்றம் தெரிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும்.

ஆபத்துகளில் முதலாவது, தோலுக்கடியில் இரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நேரும். பெரிதாகக் கட்டினால் உடனே திறந்து அகற்ற வேண்டும். இரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்களுக்கும், ஆண்களுக்கும் இது கூடுதல். தாடி வளரும் தோலில் இரத்த ஓட்டம் மிகுதியாக இருப்பது ஆண்களுக்கான ஒரு காரணம். அடுத்தது முகத்தை அசைக்கும் நரம்பு. தற்காலிகத் தளர்ச்சி சிலருக்கு வந்து சில வாரங்களில் தீர்ந்துவிடும். நிலையான செயலிழப்பு தேர்ந்த கைகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. குறைவு என்றாலும் அது இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும். தோலை மிகையாக வெட்டிவிட்டால் காதுமடலின் நுனி கன்னத்தோடு கீழே இழுபட்டு நீளும். மயிரோரம் பின்னுக்குப் போகும். ஆண்களுக்குத் தாடி வளரும் தோல் காதின்மேல் ஏறிவிடாதபடி கீறலை இடம் மாற்றி அமைக்க வேண்டும். உடலில் வேறெங்கேனும் கெலாய்டு எனப்படும் புடைத்த தழும்பு வந்தவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

புகைப்பவர்களிடம் கடுமையாகவே பேச விரும்புகிறேன். தூக்கிப் பிரித்த தோல் உயிரோடு இருப்பது மிக நுண்ணிய இரத்தக் குழாய்களை நம்பி. நிகோடின் அவற்றைச் சுருக்குகிறது. 1984-இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபேஸ்லிஃப்ட் செய்துகொண்டவர்களில் புகைப்பவர்களுக்குத் தோல் இற்றுப்போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12 மடங்கு மிகுதியாக இருந்தது. அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரமாவது நிகோடினை எந்த வடிவிலும் தொடக்கூடாது என்று பல சர்ஜன்கள் கேட்பதற்குக் காரணம் இதுதான். அதற்கு மனம் ஒப்பாதவர் அறுவையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்துகளையும், மீனெண்ணெய், வைட்டமின் ஈ மாத்திரைகளையும் எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் சர்ஜனும் பேசி முடிவு செய்ய வேண்டும். தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அறுவையால் ஆகாதவையும் உண்டு. உதட்டைச் சுற்றியுள்ள நுண்கோடுகள், வெயில் புள்ளிகள், தோலின் சொரசொரப்பு ஆகியவற்றை அது மாற்றாது. கண்ணிமையும் நெற்றியும் வேறு அறுவைகளின் இடம். வற்றிய கன்னத்தை நிரப்பவும் அது போதாது. உடல் எடையைக் குறைக்கும் ஊசிமருந்துகளால் விரைவாக மெலிந்தவர்களுக்கு முகம் தொங்குவதாகத் தோன்றினாலும், குறையில் பாதி, கொழுப்பு வற்றியதால் வந்த வெறுமையாக இருக்கும். எடை சில மாதங்கள் ஒரே நிலையில் நின்ற பிறகே அவர்கள் எதையும் முடிவு செய்வது நல்லது. இத்தகைய முகத்தில் சூட்டுக் கருவி இருக்கும் கொழுப்பையும் கரைத்துவிடக்கூடும் என்பதால், அவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க நான் மிகவும் தயங்குவேன்.

இடையில் நிற்பவர்கள்

தொடக்கநிலைத் தளர்ச்சி உள்ளவருக்கு முடிவு எளிது. கழுத்தும் தாடையும் நன்றாகச் சரிந்தவருக்கும் எளிது. திண்டாட்டமெல்லாம் இடையில் நிற்பவர்களுக்குத்தான். தாடையின் இருபுறமும் சிறு தொங்கல் விழுந்திருக்கும், கழுத்து இன்னும் ஓரளவு ஒழுங்காக இருக்கும், அறுவைக்கு மனம் இடம் தராது. தவணை தவணையாகப் பணம் போவது பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான். ஒரு தவணை அறுவைச் செலவின் சிறு பகுதி என்பதால் மலிவாகத் தெரிகிறது. ஆனால் ஓராண்டுக்கோ ஒன்றரை ஆண்டுக்கோ ஒரு முறை என்று எட்டு ஆண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்தால், அது அறுவைச் செலவை எட்டிவிடலாம், தாண்டியும் விடலாம். அந்த எட்டு ஆண்டுகளின் இறுதியில் தளர்ச்சி அங்கேயே இருக்கும், வளர்ந்தும் இருக்கும்.

இவர்களுக்கு என் கருத்து இதுதான். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு கருவியில், தேர்ந்த தோல் மருத்துவரிடம் செய்து பாருங்கள். செய்வதற்கு முன் ஒரே சுவரின் முன், ஒரே வெளிச்சத்தில், சிரிக்காமல், முகவாயை உயர்த்தாமல் நேராகவும் இருபக்கவாட்டிலும் படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் எடுத்து, உங்களிடம் பரிவு காட்ட வேண்டிய அவசியமில்லாத ஒருவரிடம் இரண்டையும் காட்டி, எது முந்தையது என்று கேளுங்கள். அவர் திணறினால் இரண்டாம் தவணை வேண்டாம். அந்தப் பணத்தை எடுத்து வையுங்கள். மருத்துவமனைகள் காட்டும் முன்பின் படங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். முகவாய் ஒரு விரல் அளவு உயர்ந்தாலே கழுத்து இறுகித் தெரியும். மேலிருந்து விழும் வெளிச்சத்தை முன்னுக்கு மாற்றினாலே மடிப்பு மறையும். அறுவைப் படங்களில் நான் முதலில் பார்ப்பது காதை; தழும்பும் காதுமடலின் வடிவமும் தெரியாதபடி முடியால் மூடிய படத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

அறுவைக்கு ஒருநாள் போகக்கூடும் என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனத்தில் கொள்ள வேண்டும். ஆழமாகச் சுடும் சிகிச்சைகளைத் திரும்பத் திரும்பச் செய்த முகத்தில் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டித் தழும்பேறியிருப்பதாகவும், அவற்றைப் பிரிப்பது கடினமாவதாகவும் சர்ஜன்கள் பலர் கூறுகிறார்கள். நூல் சிகிச்சைக்கும் இது பொருந்தும். எந்தக் கருவி, எத்தனை முறை, எந்த ஆழம் என்ற குறிப்பை ஒவ்வொரு தவணையின்போதும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் சர்ஜன் கேட்கும் முதல் சில கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.

ஆலோசனைக்கு இரண்டு இடங்களுக்குப் போவது நல்லது: கருவிச் சிகிச்சை செய்யும் தோல் மருத்துவரிடம் ஒரு முறை, முக அறுவையில் பயிற்சி பெற்ற சர்ஜனிடம் ஒரு முறை. இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "என் முகத்தில் தளர்ந்திருப்பது எந்த அடுக்கு? நீங்கள் செய்வதால் மாறாமல் இருக்கப்போவது எது?" இரண்டாம் பகுதிக்கு விடை சொல்லத் தயங்குபவரிடம் முகத்தை ஒப்படைக்க வேண்டாம். கருவி அடியிலுள்ளதைத் திரையில் காட்டுகிறதா, அதைக் கையாளப்போவது மருத்துவரா உதவியாளரா, தீக்காயம் ஏற்பட்டால் அன்றைக்கே யாரைப் பார்ப்பது என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள். ஓராண்டில் எத்தனை ஃபேஸ்லிஃப்ட் செய்கிறார், முதல் இரவில் இரத்தம் கட்டினால் எங்கே வருவது, மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று சர்ஜனிடம் கேளுங்கள். இன்றே பதிவு செய்தால் கட்டணக் குறைப்பு என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

துணையை இழந்தோ, மணமுறிவு நேர்ந்தோ, வேலை பறிபோயோ சில மாதங்களே ஆகியிருந்தால் அறுவையைத் தள்ளிப்போடுங்கள். பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையை நாள் முழுவதும் கண்ணாடியில் தேடிக்கொண்டிருப்பவருக்கு எந்தச் சிகிச்சையும் நிறைவு தராது. அவர் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தள்ளிப்போடும் காலம் வீணாவதில்லை. நாள்தோறும் வெயில் காப்புக் களிம்பும், மருத்துவர் அனுமதித்தால் இரவில் வைட்டமின் ஏ வகை மருந்தான ட்ரெட்டினாயினும் பூசி வருபவரின் தோல், ஓராண்டு கழித்து எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் மேலான நிலையில் இருக்கும். அக்கா இப்போது இரண்டையும் பூசுகிறார். சென்ற மாதம் தோடு மாட்டும்போது காதில் ஊசிமுனை குத்தியதாகச் சொல்லி, வலித்ததற்காக மகிழ்ந்தார்.